எனக்குத் தமிழ் படிக்க வரும்

எங்கள் மாதா கோவிலில் ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசைக்கு, பைபிளிலிருந்து முதல் வாசகத்தை வாரம் ஒரு வீட்டார் என்று முறை வைத்து வாசிப்பார்கள். போன வருஷம் எங்கள் முறை வந்தது. அதைச் சொல்ல, பெங்களூர் காக்ஸ் டவுனில் இருக்கும் எங்கள் வீட்டுக்கே கோவில் சிஸ்டர் வந்தார்.

"யாரு வாசிக்கிறீங்க?"

"எங்க வீட்ல யாருக்கும் தமிழ் படிக்க வராது சிஸ்டர்," என்றான் என் மகன். "இங்கிலீஷ் எழுத்துல எழுதிக் குடுத்தா என் ஒய்ஃப் வாசிச்சிடுவா."

நான் டீ டம்ளரோடு பக்கத்தில்தான் நின்றிருந்தேன். யாருக்கும் வராதாம்! இங்கிலீஷும் கன்னடமும் படித்தவன் அவன். நான் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவள். தினமும் காலையில் பால் பொங்குவதற்குள் பைபிளில் இரண்டு பக்கம் வாசிக்கிறேன். வாய்விட்டு வாசிப்பதில்லை. அதனால் இத்தனை வருஷமாக அது அவன் கண்ணில் படவே இல்லை.

"எனக்கு வரும்," என்றேன்.

மகன் சிரித்தான். "ம்மா, பக்கத்து வீட்டு ஆன்ட்டி எப்டி இருக்கீங்கன்னு கேட்டாலே உள்ள ஓடிடுவ. மைக் முன்னாடி நிப்பியா? சும்மா இரும்மா, மானம் போயிடும்."

சிஸ்டர் என் பெயரை எழுதிக்கொண்டு போனார்.

அவன் சொன்னது பொய்யில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது. யாருக்கும் கேட்கக்கூடாதென்று மிக்சியை ஓடவிட்டு அந்தச் சத்தத்துக்குள் வாசித்துப் பழகினேன். "அத்த, இன்னிக்கு எத்தன சட்னி?" என்று மருமகள் எட்டிப் பார்த்தாள். ஜார் காலியாக இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் பயம் முற்றிவிட்டது. காய்ச்சல் என்று சிஸ்டரிடம் சொல்லிவிடப் போனை எடுத்தேன். அப்போது ஹாலிலிருந்து மருமகளின் குரல் கேட்டது. அதே வாசகம். எதற்கும் இருக்கட்டுமென்று மகன் எனக்குத் தெரியாமல் இங்கிலீஷ் எழுத்தில் ஒரு காகிதத்தில் எழுதி வாங்கி அவளைப் பழக்கிக்கொண்டிருந்தான். என்னால் முடியாதென்று நான் சொல்வதற்கு முன்னாலேயே அவன் முடிவு கட்டியிருக்கிறான். போனை வைத்துவிட்டேன்.

மறுநாள் மைக் என் நெற்றி உயரத்தில் இருந்தது. இறக்கித் தரச் சொல்ல வாய் வரவில்லை. முதல் இரண்டு வரி எனக்கே கேட்கவில்லை. ஜனங்கள் நெளிந்தார்கள். முன் பெஞ்சில் மகன், போ போ என்று மருமகளின் முழங்கையைத் தள்ளுவதைப் பார்த்தேன். அவள் கையில் அந்தக் காகிதம்.

எனக்குள் என்னவோ கொதித்தது. மைக்கை நானே பிடித்து இழுத்து இறக்கினேன். முதல் வரியிலிருந்து மறுபடியும் ஆரம்பித்தேன். கடைசி வரிவரை நிறுத்தவில்லை.

வெளியே வந்ததும் மகன், "பரவால்லம்மா, எப்டியோ சமாளிச்சிட்ட," என்றான்.

எப்படியோவா? கோபம் தணியவே இல்லை. அதற்குள் சிஸ்டர் வந்து அவனிடம், "அடுத்த முறையும் அம்மாவே வாசிக்கட்டுமா?" என்று கேட்டார். அவன் வாயைத் திறந்தான்.

"என்னக் கேளுங்க சிஸ்டர்," என்றேன். "நான் இங்கதான் நிக்கிறேன்."