குளியலறைக் கதவில் கோடுகள்

2023 மார்ச் 4, சனிக்கிழமை, காலை ஏழு இருபது. மழை பெய்து பதினொரு நாள் ஆகியிருந்தது, காற்றே இல்லை. பாயான் பாருவில் எங்கள் அடுக்குமாடியின் பம்பு பழுதாகி, ஒன்பதாவது மாடியில் குழாய் நின்றுபோனது. பழுது பார்க்க ஐந்து நாளாகும் என்றார்கள்.

மகனுக்கு சிங்கப்பூரில் வேலை. வீட்டில் நான், மனைவி, மருமகள். கீழே லாரியில் வந்த தண்ணீரை லிப்டில் ஏற்றினேன். நாளுக்குப் பன்னிரண்டு வாளி, ஆளுக்கு நான்கு. குளியலறைக் கதவில் நாளுக்கொரு தாள் ஒட்டினேன். ஒரு வாளி எடுத்தால் அவரவர் பெயருக்கு நேரே ஒரு கோடு.

ஞாயிறு மாலை மருமகள் பெயருக்கு நேரே ஆறு கோடுகள்.

"நாலுதானே பங்கு? இது என்ன ஆறு?"

மருமகள் தலை குனிந்துகொண்டாள். மனைவி சமையலறையிலிருந்து, "ரெண்டு என்னோடதுலா. இடம் மாத்திப் போட்டுட்டேன்" என்றாள்.

அடுத்த இரண்டு நாளும் மனைவிக்கு இரண்டிரண்டு கோடுகளே. சிக்கனம் என்று பாராட்டவும் செய்தேன்.

புதன் காலை அவளுக்குக் குளிர்காய்ச்சல். சிறுநீர் கழிக்கையில் எரிச்சல். கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். டாக்டர் தமிழ்ப் பெண்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிச்சீங்க ஆன்ட்டி?"

"தலைக்கு நாலு வாளி வச்சிருக்கேன்" என்றேன்.

"அங்கிள், நான் ஆன்ட்டியக் கேட்டேன்."

"ரெண்டு கிளாஸ்" என்றாள் மனைவி. "குடிச்சா போகணும். போனா தண்ணி ஊத்தணும், கதவுல கோடு போடணும். அடக்கிக்கிட்டேன்."

"ஏன்?" என்றேன்.

"மருமகளுக்கு மாசத் தேதி. கழுவாம இருப்பாளா? என் பங்குல ரெண்டு வாளிய கோடு போடாம அவளுக்குக் கொடுத்தேன். உங்க தாள்ல அதுக்கு எங்க இடம்? மாமனார்கிட்ட வாயத் திறந்து சொல்லுவாளா?"

டாக்டர் மருந்து எழுதினார். "இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா கிட்னி வரைக்கும் போயிருக்கும், அங்கிள்."

நான்கு வாளி எனக்குப் போதும். அதனால் எல்லாருக்கும் போதும் என்று வைத்திருந்தேன். என் உடம்புதான் அளவு. மற்ற இரண்டு உடம்புகளில் அந்த வாரம் என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. என்னிடம் சொல்லும்படியாக நான் இருக்கவும் இல்லை.

டாக்டருக்கு அறுபது, சிறுநீர்ச் சோதனைக்கு இருபத்தைந்து, மருந்துக்கு நாற்பத்தெட்டு, போகவர காருக்குப் பதினெட்டு. மொத்தம் நூற்று ஐம்பத்தொரு வெள்ளி செலவு.