துவர்ப்பு பார்த்த அகப்பை

மைனியின் சிரட்டை அகப்பையில் ஒரு பக்க விளிம்பு மட்டும் கறுத்திருக்கும். அவள் உதட்டில் வைக்கும் பக்கம் அது. செங்கல் என்ற ஊருக்குப் பக்கத்தில் இருந்த சாயக் கொட்டகையில் மதினி முறை வைத்து எல்லோருக்கும் அவள் மைனிதான். லாரியிலும் ரப்பர் தோட்டத்திலும் நிலைக்காமல் நான் அங்கே போய்ச் சேர்ந்தது தொண்ணூறுகளின் நடுவில், இருபத்தாறு வயதில். விறகு தள்ளுவதும் துணி முக்கிப் பிழிவதும் என் வேலை. கடுக்காயும், தோடு என்கிற மாதுளைத்தோலும், மஞ்சிட்டி வேரும் அண்டாக்களில் கொதிக்கும். பதம் பார்ப்பது மைனி. ஒரு வாய் எடுத்து, கண்ணை மூடிக் கொப்பளித்துத் துப்புவாள். “தொவர்ப்பு நாக்கப் பிடிச்சாத்தான் சாயம் துணியப் பிடிக்குமாக்கும்” என்பாள். என்னைப் பார்த்து, “நீ ஊருசுத்தியாக்கும். ஒன்ன எத்தற முக்கினாலும் ஒரு சாயமும் பிடிக்காது” என்று சிரிப்பாள்.

துணி வெளிநாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒரு தடவை மஞ்சள் வேண்டாம், பச்சை வேண்டும் என்று கேட்டார்கள். மாதுளைத்தோட்டுச் சாயத்தில் துருசு விழுந்தால் பச்சை வரும். ரப்பர் மரத்துக்கு மருந்தடிக்கக் கலக்குகிற நீலக்கல் அது, விஷம். கொட்டகைக்குத் துருசு வந்தால் வேலையில் இருக்கமாட்டேன் என்று மைனி முன்பே சொல்லியிருந்தாள். அன்று காலை, அவள் வருவதற்கு முன்னால், முதலாளி ஒரு பொட்டலத்தை என்னிடம் தந்தார். “கலக்கி விடு. அவகிட்ட இதப்பத்தி ஒண்ணும் மிண்டப்பிடாது, கேட்டியா? ஒன்ன இங்கயே ஸ்திரமாக்குதேன்.”

கொட்டினேன். சரியாகக் கலக்கக்கூட இல்லை. மைனி வந்து, புகைக்குள் நின்று, மேலாக மொண்டு ஊதினாள். நான் “வேண்டாம்” என்று ஒரு சொல் சொன்னால் போதும். முதலாளி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் வாயில் விட்டாள்.

அன்று முழுக்க வாந்தி. ஆஸ்பத்திரியில் டாக்டர் என்ன குடித்தாள் என்று கேட்டார். எல்லாம் மருந்துச் சரக்குதான், கடுக்காயும் மாதுளையும் என்றார் முதலாளி. நான் பக்கத்தில்தான் நின்றேன். வாய்ப்புண் ஆறியது, ருசி திரும்பவில்லை. நாக்கு போனவளுக்கு அங்கே என்ன வேலை? அகப்பை என் கைக்கு வந்தது. அதை நான் ஒரு நாளும் வாயில் வைக்கவில்லை. எட்டு மாதத்தில் அங்கிருந்தும் கிளம்பிவிட்டேன்.

போன வருடம் பாறசாலையில் பஸ் இறங்கி அவள் வீட்டுக்குப் போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். “எலே ஊருசுத்தி, உயிரோட உண்டா நீ?” என்றாள். அடுப்பில் பயறு கொதித்துக்கொண்டிருந்தது. மகன் வெளியே சாப்பிட்டுவிட்டு வருகிறானாம். “எனக்க கறியில உப்பு ஒரு நாளு உண்டு, ஒரு நாளு இல்ல. ஆரக் குத்தம் சொல்ல? அன்னைக்கு அண்டாவில பூசணம் பூத்த தோடு கெடந்திருக்கும். நான் பாக்காமப் போட்டுட்டேன் மக்கா. எனக்க தப்பாக்கும்.”

இத்தனை வருடமும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். நான் வாய் திறப்பதற்குள் சிரட்டை அகப்பையில் கொஞ்சம் கோரி என் பக்கம் நீட்டினாள். புது அகப்பை, விளிம்பு வெளுத்திருந்தது.

“நீ பாத்துச் சொல்லு. உப்பு உண்டா?”

உதட்டில் வைத்தேன். “இல்ல மைனி.”

ஒரு சிட்டிகை போட்டுக் கலக்கி, மறுபடியும் நீட்டினாள். “இப்பம்?”

“உண்டு.”

அவளிடம் நான் சொன்ன உண்மை அவ்வளவுதான்.