துரயா கடையின் கஸூல் மண்

துரயாவால் ஓர் இடத்தில் உட்கார முடியாது. மொராக்கோவின் சலே ஊரில் எங்கள் சந்து முனையில் பெண்களுக்கான முடி அலங்காரக் கடை வைத்திருக்கிறாள். ஆள் வராத நேரத்தில் துடைத்த கண்ணாடியையே துடைப்பாள், வாசலுக்குப் போவாள், திரும்புவாள். பிரெஞ்சு முடி மருந்து பாட்டில்களை அலமாரியிலிருந்து இறக்கியதிலிருந்து இது இன்னும் மோசம்.

முடியை நேராக்கும் அந்த வெளிநாட்டு மருந்து சூட்டில் புகைந்தால் அவளுக்கு மூச்சு இழுக்கும். டாக்டர் கண்டித்துச் சொல்லிவிட்டார். இனி கடையில் போடுவதும் விற்பதும் நம் மலையில் எடுக்கும் கஸூல் மண்ணும் ஆர்கான் எண்ணெயும்தான் என்று முடிவெடுத்தாள். மண்ணைப் பன்னீரில் ஊறவைத்துத் தேய்த்தால் முடி எவ்வளவு மிருதுவாகும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்து என்ன? ஹம்மாம் என்னும் பொதுக் குளியல் கூடத்துக்குப் போனால் அவரவர் வாளியில் என்ன இருக்கிறதென்று ஊரே எட்டிப் பார்க்கும். பிரெஞ்சு பாட்டில் இல்லாவிட்டால் புருஷனுக்கு வேலை போய்விட்டது என்று பேசிக்கொள்வார்கள். வாடிக்கைக்காரிகள் ஒவ்வொருத்தியாகக் கழன்றார்கள். இப்படியே போனால் கடையை மூட வேண்டியதுதான்.

அந்த நேரத்தில்தான் பெரிய வீட்டு ரக்கியா அம்மா வந்தார்; மரியாதைக்கு எல்லோரும் அவரை லல்லா என்போம். வெளிநாட்டுச் சாயம் போட்டுப் போட்டு உச்சந்தலை புண்ணாகியிருந்தது. துரயா மண்ணைப் பூசி அலசிவிட்டாள். அரிப்பு அடங்கியதும் லல்லா குரலைத் தாழ்த்தினார்.

"வீட்டுக்கும் கொஞ்சம் குடு. அந்தப் பழைய பிரெஞ்சு பாட்டில்ல கரைச்சு ஊத்திடு."

"மாட்டேன் லல்லா."

"ஏன்டி, பாட்டில் காலியாத்தானே கெடக்கு?"

"வேலை செய்யறது நம்ம மண்ணு, பேரு வாங்கறது பிரெஞ்சுக்காரனா? வேணும்னா பொட்டலமா கட்டித் தர்றேன்."

"வாய்க்கொழுப்பு. இதுக்குத்தான் உன் கடையில ஈ ஓட்டுற."

துரயா கட்டி நீட்டிய பொட்டலத்தை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு போனார். துரயா நகத்தைக் கடித்தபடி, கடையில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தாள். "இருந்த ஒரு ஆளையும் விரட்டிட்டேனோ?" எனக்கும் அப்படித்தான் பட்டது.

வியாழக்கிழமை ஹம்மாமில் துரயாவுக்கு முதுகு தேய்ப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. அவள் கண்ணெல்லாம் எதிரே இருந்த லல்லாவின் வாளி மேல். துண்டு வந்தது, சீப்பு வந்தது, கடைசியில் பொட்டலமும் வந்தது. சுற்றிலும் தலைகள் திரும்பின. ஒருத்தி மட்டும் கேட்டேவிட்டாள்.

"லல்லா, நீங்களா இதைப் போடுறீங்க?"

லல்லா மண்ணைக் குழைத்தபடியே துரயாவைக் கையால் காட்டினார்.

"அரிப்பு நின்னுச்சு, போடுறேன். பாட்டில்ல கேட்டா அந்தத் திமிரு புடிச்சவ தரமாட்டேங்கறா. உங்களுக்கும் வேணும்னா அவ கடையில போயி சண்டை போடுங்க."