பொட்டில்லாத அம்மன் படம்

பிள்ளைகளே, போன ஞாயிற்றுக்கிழமை அருங்காட்சியகத்தில் அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்துக்கு முன்னால் நின்று, "அப்பா, இந்த அம்மனுக்கு ஏன் பொட்டே இல்ல?" என்று கேட்டீர்கள். அப்புறம் சொல்கிறேன் என்றேன். வாயால் சொன்னால் பாதியில் வேறு எங்காவது போய்விடுவேன். அதனால் எழுதுகிறேன்.

நான் வேலை செய்யும் பிரிக்பீல்ட்ஸ் கடைக்குக் கண்ணாடிச் சட்டம் போட வருவதில் முக்கால்வாசி சாமி படம். மிச்சம் கல்யாணப் படம், பட்டம் வாங்கிய படம், இறந்துபோனவர்களின் படம். சாமி படம் வேலை முடிந்ததும் முதலாளியின் மனைவி கண்ணாடிமேல் சந்தனம் தொட்டுக் குங்குமம் வைப்பார். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். பொட்டு வைக்காமல் ஒரு சாமி படமும் எங்கள் கடைப்படி இறங்காது. அதற்காகவே செலாயாங், டெங்கில் என்று தூர ஊர்களிலிருந்து தேடி வருகிறவர்கள் உண்டு.

அருங்காட்சியகத்திலிருந்து இந்தப் படத்தைக் கொண்டுவந்தவர் அங்கே வேலை செய்யும் ஒரு தமிழ்ப் பெண். பெட்டாலிங் ஜெயாக்காரர். பழைய கண்ணாடியில் பூஞ்சை பிடித்திருந்தது. அதை எடுத்துவிட்டு, வெளிச்சம் பட்டுத் தாள் கெட்டுப்போகாமல் காக்கும் கண்ணாடி போட வேண்டும் என்றார்.

"இது போட்டோகாப்பியா மிஸ்?" என்று கேட்டேன்.

"ஐயோ அங்கிள், ஓவியர் காதுல விழுந்திரப் போவுது!" என்று சிரித்தார்.

பிறகு விளக்கினார். ஓவியர் முதலில் ஒரு பலகையில் படத்தைச் செதுக்குவாராம். அதன்மேல் மை உருட்டி, தாளை வைத்து அழுத்தி எடுப்பாராம். ரப்பர் முத்திரை குத்துகிற மாதிரிதான். செதுக்கி எடுத்த பள்ளத்தில் மை ஒட்டாது. அங்கே தாளின் வெள்ளை அப்படியே நிற்கும்.

அம்மன் மகிஷனை வதைக்கும் கதைதான் படம். ஆனால் நம் வீட்டுக் காலண்டர் அம்மன் மாதிரி இல்லை என்பதை நீங்களே பார்த்தீர்கள். நகை கிடையாது, பட்டுப் புடவை கிடையாது. ஒரு கையால் எருமையின் கொம்பைப் பிடித்திருக்கிறாள். சூலம் இன்னும் இறங்கவில்லை. எருமை முன்னங்கால் மடங்கி, களைத்துப்போன நிஜ எருமையாகவே இருக்கிறது. அம்மன் முகத்தில் பாதி இருட்டு. நெற்றி மட்டும் பளிச்சென்று வெள்ளை.

படத்தைத் திரும்ப எடுத்துப்போக அந்தப் பெண் வருவதாகச் சொன்ன நாளில்தான் எங்கள் முதலாளிக்கு இருதய ஆபரேஷன். மறுநாள் அருங்காட்சியகத்தில் கண்காட்சி திறப்பு. தேதியை மாற்ற வழியில்லை. அக்காவின் மகள் ஆஸ்பத்திரியில் துணைக்கு இருந்தார். அக்கா கடைக்கு வந்துவிட்டார்.

"அங்க அந்தக் கதவையே பாத்துக்கிட்டு உக்காந்தா எனக்குக் கிறுக்குப் பிடிச்சிரும் தம்பி" என்றார்.

நான் பின்கட்டில் மரம் அறுத்துவிட்டு முன்னால் வந்தபோது, முடித்துவைத்த அந்தப் படத்தின் கண்ணாடியில் அம்மன் நெற்றிக்கு நேராக வட்டமாக ஒரு பொட்டு இருந்தது. சந்தனம் ஈரம்கூடக் காயவில்லை.

"அக்கா, இது மியூசியம் படம்லா!"

"மியூசியத்துக்குப் போனா அம்மன் இல்லேன்னு ஆயிருமா? இன்னிக்குன்னு பாத்து நெத்தி வெறிச்சின்னு இருக்கு. என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியல."

நம்மவர்களிடம் ஒரு பெண்ணின் பொட்டை அழிப்பது எப்போது என்று உங்களுக்கும் தெரியும். புருஷன் போனால்தான்.

சொன்ன நேரத்துக்கு அந்தப் பெண் வந்தார். வேனை வெளியே, நிறுத்தக்கூடாத மஞ்சள் கோட்டில் நிறுத்தியிருந்தார்கள். படத்தைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"அங்கிள், என்ன இது?"

"கண்ணாடி மேலதான் மிஸ். தாள்ல படல."

"அதுக்கில்ல. இப்படியே மாட்டினா இதுவும் ஓவியர் போட்டதுன்னு எல்லாரும் நினைப்பாங்க. நாளைக்கு அவரே வர்றாரு. வேணும்னுதான் நெத்தியை அப்படி விட்டிருக்காரு. துடைச்சிருங்களேன், ஒரு செகண்ட் வேலை."

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா கல்லாவுக்குப் பின்னால் எழுந்து நின்றார்.

"எங்க வீட்டுக்காரரு ஆஸ்பத்திரியில படுத்திருக்காரும்மா. நெஞ்சைத் தொறந்து வச்சிருக்காங்க. இந்த நேரத்துல அம்மன் பொட்டை அழிக்கச் சொல்றியா?"

அந்தப் பெண்ணுக்கு விஷயம் அப்போதுதான் தெரியும். "சாரி ஆன்டி" என்றார். பிறகு மேசைமேல் கிடந்த துணியைக் கையில் எடுத்தார். எடுத்தவர் அப்படியே கீழே வைத்துவிட்டார்.

"என்னாலயும் முடியாது அங்கிள். எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா வீட்டுக்குள்ளயே விட மாட்டாங்க. டிரைவரைக் கூப்பிடட்டுமா? அவர் மலாய்க்காரர்தான், அவருக்கு ஒண்ணும் தெரியாது."

"யாரு அழிச்சாலும் அழிச்சதுதானே!" என்றார் அக்கா.

வெளியே டிரைவர் ஹாரன் அடித்தார். படம் போகாவிட்டால் அந்தப் பெண் மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். பொட்டை அழித்தால், ஆஸ்பத்திரியில் என்ன நடந்தாலும் அக்கா அதை அந்தத் துணியோடு சேர்த்துத்தான் நினைப்பார். எனக்கு இரண்டு பேர் பக்கமும் நியாயம் தெரிந்தது.

அப்போதுதான் அதே கண்ணாடியில் வெட்டிய மிச்சம் சுவரோரம் சாத்தியிருப்பது ஞாபகம் வந்தது. அளவைப் பிடித்துப் பார்த்தேன். படத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிசு. ஒரு தடவைதான் வெட்ட முடியும், தப்பானால் வேறு கண்ணாடி இல்லை.

"அக்கா, பொட்டை யாரும் தொட வேணாம். கண்ணாடியையே கழட்டிடறேன். பொட்டு உங்ககிட்டயே இருக்கட்டும்."

அக்கா யோசித்தார். "கழட்டினா அழிச்ச மாதிரி ஆகாதுல்ல?"

"ஆகாதுக்கா. வச்சது வச்சபடியே இருக்கும்."

இதற்குச் சாஸ்திரம் என்ன சொல்கிறது என்று எனக்குத் தெரியாது. தோன்றியதைச் சொன்னேன். அக்கா தலையாட்டினார்.

அந்தப் பெண் கையுறை போட்டுக்கொண்டு படத்தைச் சட்டத்திலிருந்து எடுத்துப் பிடித்துக்கொண்டார். நான் மிச்சக் கண்ணாடியில் வெட்டுமுனையால் கோடு இழுத்தேன். எத்தனையோ வருஷமாகச் செய்கிற வேலைதான். அன்றைக்கு மட்டும் ஒடிக்குமுன் அளவை இன்னொரு தடவை பார்த்தேன். மேசை விளிம்பில் வைத்து ஒடித்ததும் கண்ணாடி கோட்டோடு சரியாகப் பிரிந்தது. "தேங்க் காட்!" என்றார் அந்தப் பெண். அக்கா பொட்டு வைத்த கண்ணாடியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டுபோய், கடைப் பிள்ளையாருக்குப் பக்கத்தில் சாத்தி வைத்தார்.

படம் புதுக் கண்ணாடியோடு, ஓவியர் செய்தபடியே வேனில் ஏறியது. தான் ஏறுமுன் அந்தப் பெண் திரும்பி வந்து, "ஆஸ்பத்திரிலேருந்து நியூஸ் வந்தா எனக்கு ஒரு மெசேஜ் போடுங்க அங்கிள்" என்றார்.

கடை சாத்துகிற நேரத்துக்குத்தான் போன் வந்தது. அக்கா எடுக்காமல் என்னிடம் நீட்டினார். அவருடைய மகள்தான் பேசினார். ஆபரேஷன் முடிந்துவிட்டது, அப்பா கண் திறந்து தன்னைப் பார்த்தார் என்றார். நான் அப்படியே சொன்னேன். அக்கா பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கும்பிடுவார் என்று நினைத்தேன்.

"தம்பி, காலையிலேருந்து பச்சத் தண்ணி குடிக்கல. போய் ரொட்டி சானாய் வாங்கிட்டு வா. குழம்பு நிறைய ஊத்தச் சொல்லு."

நடந்துகொண்டே அந்தப் பெண்ணுக்குச் செய்தி அனுப்பினேன். வீட்டுக்கு வரும் கிள்ளான் ரயிலைத் தவறவிட்டேன். அன்றைக்கு வீட்டுக்கு ஏன் தாமதமாக வந்தேன் என்று உங்கள் அம்மா கேட்டதற்கு, கண்ணாடி வெட்டும் வேலை இருந்தது என்று மட்டும் சொன்னேன்.