ஆறாம் மேஜைக்கு நாற்பத்து மூன்று ஆசீர்வாதம்

இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி ஆலை ஒன்றில் ஜெயக்கொடி இருபத்திரண்டு வருஷமாகத் துணி பார்க்கிறாள். அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேஜை மேல் துணி ஓடிக்கொண்டே இருக்கும். இழை விட்டுப்போன இடமோ எண்ணெய்க் கறையோ கண்ணில் பட்டால் மேஜையை நிறுத்தி, அதற்கு நேரே துணியின் ஓரத்தில் ஒரு சிவப்பு நூலை முடிந்துவிடுவாள். மடித்த துணியில் வெளியே தொங்கும் நூல்களை எண்ணினால், உள்ளே எத்தனை பழுது என்று தெரிந்துவிடும். இல்லாத பழுதுக்கு அவள் நூல் கட்டியதும் இல்லை, வேண்டியவர் நெய்தது என்று கட்டாமல் விட்டதும் இல்லை.

இந்த ஜெயக்கொடிதான் ஒரு நாவல் எழுதிவிட்டாள். சாப்பாட்டு நேரத்தில், ஆலையில் கழித்துப்போட்ட லேபிள்களின் பின்பக்கத்தில், நாலு வருஷமாக எழுதியது. சுகந்தி என்று துணி பார்க்கும் ஒருத்தியின் கதை. பெயர் ‘ஆறாம் மேஜை’. பதிப்பகங்கள் வாயே திறக்காததால் தானே நூறு பிரதி அச்சடித்து, இணையக் கடை ஒன்றிலும் விற்பனைக்கு வைத்தாள். உறவுக்காரர்களும் சர்ச் சபையாரும் ஆளுக்கொன்று வாங்கிக்கொண்டு, நன்றாக இருக்கிறது என்றார்கள். எந்த இடம் என்று கேட்டால் திருதிருவென முழித்தார்கள். புத்தகம் ஷோகேஸில் கண்ணாடிக் கிளிக்குப் பக்கத்தில் பத்திரமாக இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியாதா என்ன.

இரண்டாவது நாவல் பாதியில் நின்றிருந்தது. முன்பின் தெரியாத ஒரே ஒரு ஆள் முதல் புத்தகத்தை முழுசாகப் படித்துச் சொல்லட்டும், மீதியை எழுதுகிறேன், இல்லாவிட்டால் அத்தனை லேபிள்களையும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடுகிறேன் என்று முடிவு கட்டியிருந்தாள். அதைக் கணவர் கிளாட்வினிடம் மட்டும் சொன்னாள்.

கிளாட்வின் ஆட்டோ ஓட்டுகிறவர். சவாரி இல்லாத நேரத்தில் செல்போனைத் துழாவி, புத்தகங்களைப் பற்றி பிளாக் எழுதுகிற பத்தொன்பது பேரைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். ஜெயக்கொடி எல்லாருக்கும் மெயில் அனுப்பினாள். ஒருவர் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார். இன்னொருவர் மொழிபெயர்ப்பு மட்டும்தான் படிப்பாராம். மற்றவர்களிடமிருந்து சத்தமே இல்லை. முத்துவீரன் என்பவர் மட்டும், “அனுப்புங்கள். படித்து முடித்தால் எழுதுவேன். குறை இருந்தால் அதையும் எழுதுவேன்” என்று பதில் போட்டார். செண்பகத்தோப்பில் வனத்துறைக் காவலராம். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். பஸ் ஏறினால் அரைமணி நேரம். நேரில் போய்க் கொடுத்தால் மனுஷன் முகத்துக்காக நல்லதாகச் சொல்லிவிடுவாரே என்று பயந்து தபாலில்தான் அனுப்பினாள்.

அதற்குள் தேவஇரக்கம் அண்ணாச்சி புகுந்து காரியத்தைக் கெடுத்தார். அவர் சபை மூப்பர், பஜாரில் சைக்கிள் கடை வைத்திருப்பவர். நாலு பேர் விமர்சனம் எழுதினால் நன்றாக இருக்கும் என்று ஜெயக்கொடி பேச்சுவாக்கில் சொன்னதை மனதில் வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் கல்யாண அறிவிப்புக்கும் பெண்கள் கூட்டத்துக்கும் நடுவே அதையும் அறிவித்துவிட்டார். போன் வைத்திருக்கிற ஒவ்வொருவரும் பொழுது சாய்வதற்குள் நம் சகோதரியின் புத்தகத்துக்கு ஒரு வரி எழுத வேண்டும் என்றார்.

எழுதினார்கள். நாற்பத்து மூன்று பேர். எல்லாருமே ஐந்து நட்சத்திரம். தேவனுக்கே மகிமை, சகோதரியின் குடும்பம் ஆசீர்வதிக்கப்படட்டும், எழுத்து ஊழியம் பெருகட்டும் என்று ஒரே ஸ்தோத்திர மயம். அறுவடைப் பண்டிகைக்கு அக்கா கிண்டிய கேசரியைப் போலவே அருமை என்று ஒருத்தி எழுதியிருந்தாள். சுகந்தி என்ற பெயர் ஒன்றில்கூட இல்லை.

செவ்வாய்க்கிழமை முத்துவீரனிடமிருந்து மெயில் வந்தது. “கடைப் பக்கத்தைப் பார்த்தேன். ஒரே நாளில் நாற்பத்து மூன்று பேர், ஒருவர்கூடக் கதையைப் பற்றிப் பேசவில்லை. ஆள் பிடித்து விமர்சனம் எழுத வைக்கும் புத்தகங்களை நான் தொடுவதில்லை. பிரதியைத் திருப்பி அனுப்புகிறேன்.” மறுநாள் இணையக் கடையும் அத்தனை விமர்சனங்களையும் தூக்கிவிட்டது.

ஜெயக்கொடி கூனிக் குறுகிப் போனாள். இருபத்திரண்டு வருஷம் பொய்யாக ஒரு நூல் கட்டாதவளைப் பார்த்து ஆள் பிடித்தவள் என்றால் எப்படி இருக்கும்? ஷிப்ட் முடிந்ததும் நேரே சைக்கிள் கடைக்குப் போய் அண்ணாச்சியைப் பிடிபிடி என்று பிடித்தாள். அவர் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த ட்யூபைக் கீழே வைத்தார்.

“ஏட்டி, நான் நாலாங் கிளாசோட நின்னவன். சபை அறிவிப்ப வாசிக்கதுக்கே முந்தின நாள் ஒத்திகை பாக்குதவன். உன் புஸ்தகத்துல மூணு பக்கம் வாசிக்க ஒரு வாரம் ஆச்சு, பொறவு ஏலல. நீ தனியா நிக்கியேன்னு சபையக் கூட்டியாந்தேன். தப்பாப் போச்சுன்னா மன்னிச்சுக்கோ தாயி.”

மூன்று பக்கம் என்பது மற்ற நாற்பத்திரண்டு பேரும் சேர்ந்து படித்ததைவிட அதிகம். இந்த மனுஷன்மேல் கோபப்பட வந்தோமே என்று அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

அன்று சாயங்காலமே முத்துவீரனுக்கு எழுதினாள். “அவர்கள் கூலிக்கு எழுதவில்லை, எனக்குத் துணைக்கு வந்தவர்கள். எங்கள் ஆட்களுக்குத் துணைக்கு வருவது இப்படித்தான் தெரியும். முதலிலேயே விவரம் சொல்லாதது என் தப்பு. நான் ஆலையில் பழுது பார்க்கிறவள். நான் நெய்ததில் பழுது பார்க்க ஒரு ஆள் வேண்டும் என்றுதான் உங்களுக்கு அனுப்பினேன்.”

பதில் இல்லை. ஒரு மாதம் ஓடிவிட்டது. இரண்டாவது நாவலின் லேபிள்களைச் சாக்குப்பையில் கட்டி வாசலுக்கருகே வைத்தாள். பழைய பேப்பர்காரர் வரும் சனிக்கிழமைகளில் கிளாட்வின் எப்படியாவது அவரைத் தெருமுனையிலேயே பேசி அனுப்பிவிடுவார்.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் கிளாட்வின் ஆலை வாசலுக்கு ஆட்டோவில் வந்து நின்றார். கையில் பார்சல். அனுப்பியவர் முத்துவீரன். பிரிக்காமல் கொண்டுவந்திருந்தார். சொன்னபடியே திருப்பிவிட்டாரே என்று எண்ணிக்கொண்டே வாங்கினாள் ஜெயக்கொடி. தன் மேஜைக்குப் போய் உட்கார்ந்து பிரித்தாள்.

புத்தகத்தின் ஓரத்தில் சிவப்பு நூல்கள் தொங்கின.

சுகந்தி செய்வதைப் படித்து அப்படியே செய்திருந்தார் மனுஷன். பக்க ஓரத்தில் ஊசித் துளை போட்டு நூலை முடிந்து, பக்கத்தில் பென்சிலால் காரணம் எழுதியிருந்தார். இங்கே சுகந்தி மூன்று முறை அழுகிறாள், ஒன்று போதும். இந்த மாமியார் சண்டை கதையை நிறுத்திவிடுகிறது. பதினேழு நூல்கள். பதினேழும் நியாயம். அவளுக்கு வருத்தமே வரவில்லை. இவ்வளவு அக்கறையாக அந்தப் புத்தகத்தை இதுவரை யாரும் தொட்டதில்லை.

ஆனால் நூற்று நாற்பதாம் பக்கத்துக்குப் பிறகு நூலே இல்லை. கடைசி அறுபது பக்கமும் வெறுமையாகக் கிடந்தன. சலித்துப்போய் அங்கேயே மூடிவைத்துவிட்டார் போல என்று நினைத்தபடி கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். ஒரு துண்டுச் சீட்டு இருந்தது.

“நூற்று நாற்பதுக்குப் பிறகு கையில் ஊசி இருந்ததையே மறந்துவிட்டேன். முடித்த பிறகுதான் நினைவு வந்தது. அதில் பழுது இருக்கிறதா என்று இரண்டாம் முறை படிக்கும்போது பார்க்கிறேன், அதற்கு வேறு பிரதி வாங்கிக்கொண்டேன். விமர்சனம் ஞாயிறு வரும். அவசரப்பட்டுப் பேசியதற்கு மன்னியுங்கள்.”

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். திரும்பத் துடைத்தாள். பிறகு தேவஇரக்கம் அண்ணாச்சிக்குப் போன் போட்டாள்.

“அண்ணாச்சி, முன்னப்பின்ன தெரியாத ஒருத்தவிய என் புஸ்தகத்த முழுசா வாசிச்சிட்டாவ. சுகந்தி கடைசில என்ன செய்தான்னு…”

“செத்த நிறுத்துட்டி,” என்றார் அண்ணாச்சி. “நான் இப்பத்தான் பதினோராம் பக்கம் வந்திருக்கேன். முடிவச் சொல்லிராத.”

ஜெயக்கொடி சாப்பாட்டுப் பாத்திரத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, கழிவுக் கூடையிலிருந்து ஒரு லேபிளை எடுத்துப் பின்பக்கம் திருப்பினாள்.