வட்டகொடையில் சரிந்த மண்

ஜெபக் கூட்டத்தில் என்னோடு முழங்கால் போடுகிறவர்களே, இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. கர்த்தர் செய்த நன்மையைச் சொல்வதென்றால் நான் செய்த அசிங்கத்தையும் சொல்லியாக வேண்டும். அதனால்தான் இத்தனை வருஷமாக வாயைத் திறக்கவில்லை.

எண்பதுகளின் கடைசி அது. நுவரெலியாவில், ஆறு தோட்டங்களுக்குப் பொதுவான ஓர் ஆபீஸில் எனக்கு வேலை. எங்கள் டயகம தோட்டத்து லய வீடுகளிலிருந்து ஆபீஸ் நாற்காலியில் போய் உட்கார்ந்த முதல் பிள்ளை நான். காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில் அம்மா நிற்கும்போதெல்லாம் என் பேச்சுத்தான். ஆறு தோட்டத்து ஆட்களின் பெயர், வேலைக்குச் சேர்ந்த வருஷம், பிள்ளைகளின் விவரம் எல்லாம் ஒரே கம்ப்யூட்டருக்குள் இருந்தன. அது செத்தால் எல்லாம் போச்சு. அதனால் வெள்ளிக்கிழமை தோறும் அத்தனையையும் பிளாப்பித் தட்டுகளில் நகல் எடுத்து அலுமாரியில் வைத்துப் பூட்டுவேன். ஒரு வெள்ளியும் தவறியதில்லை. அதில் எனக்கு மண்டைக்கனமும் கொஞ்சமல்ல.

ஜூலை மாதம், விடாத மழை. ஒரு நாள் காலையில் கம்ப்யூட்டர் கிளம்பவில்லை. உள்ளேயிருந்த பெரிய டிஸ்க் போய்விட்டது. கொழும்பிலிருந்து சிவபாலன் என்ற மெக்கானிக் வந்தார், யாழ்ப்பாணத்துக்காரர். புது டிஸ்க் போட்டார். தட்டுகளைப் படிக்கிற ட்ரைவும் பழசாகிவிட்டதென்று அதையும் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்று மாட்டினார். பிறகு என்னிடம் கேட்டார்.

"தங்கச்சி, தட்டுகளில எடுத்த கொப்பியை ஒருக்கா எண்டாலும் திருப்பிப் போட்டுப் பாத்தனீங்களோ?"

பார்த்ததே இல்லை. ஆனால் எனக்குச் சுருக்கென்றது. தோட்டத்துப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று கேட்கிறார் என்றே எடுத்துக்கொண்டேன்.

"எங்களுக்கும் தெரியுங்க. நாங்க பாத்துக்குறோம், நீங்க கிளம்புங்க."

"நான் நிண்டு பாத்திட்டே போறன்."

"வேணாங்க. ரயிலு போயிரும்."

அவர் பழைய ட்ரைவைப் பையில் போட்டுக்கொண்டு நானுஓயா ஸ்டேஷனுக்குப் போனார். நான் முதல் தட்டைப் போட்டேன். படிக்கவில்லை. அடுத்ததும் படிக்கவில்லை. அலுமாரியில் இருந்ததில் ஒன்றுகூடப் படிக்கவில்லை. ஆபீஸைப் பார்த்துக்கொள்கிற பெரிய கிளாக்கர் என் பின்னால் வந்து நின்றார்.

"என்னம்மா இது? வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம என்னத்த எடுத்த? வெறுந்தட்டயா பூட்டி வச்ச? நாளைக்குத் துரைகிட்ட நான் என்னான்னு சொல்றது? அவரு ஒன்னய வேலையில வச்சிருப்பாருன்னு நெனைக்காத!"

ஆபீஸே திரும்பிப் பார்த்தது. நான் பொய்க்காரி என்று எல்லார் முகத்திலும் தெரிந்தது. சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு முழங்காலில் விழுந்தேன்.

"ஆண்டவரே, அந்தாளுதான் என்னமோ பண்ணிட்டான். அவன் நல்லாருப்பானா? அவன் வீடு போய்ச் சேரக் கூடாது. என்னைய மட்டும் காப்பாத்துங்க!"

இதுதான் நான் செய்த ஜெபம். கண்ணீரோடு, கைகூப்பிச் செய்த ஜெபம்.

மறுநாள் காலையில் துரைக்கு முன்னால் நிற்கப் போகிறேன் என்ற பயத்தோடு ஆபீஸுக்குப் போனால், வாசலில் சிவபாலன் நிற்கிறார். சட்டையெல்லாம் ஈரம்.

"வட்டகொடையில மண் சரிஞ்சு ரயில் பாதை மூடிப்போச்சு. இரவு முழுக்கக் கோச்சிக்குள்ளதான் இருந்தனாங்கள். பஸ் பிடிக்கலாம் எண்டு வந்தனான். உங்கட வேலை சரிவந்ததோ?"

நேற்று நான் செய்த ஜெபம் நினைவுக்கு வந்தது. யாருக்காவது அடிபட்டதா என்றுதான் முதலில் கேட்டேன். இல்லை என்றார். அப்புறம்தான் மூச்சு வந்தது. தட்டு ஒன்றும் படிக்கவில்லை என்று நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். பையைத் திறந்து அந்தப் பழைய ட்ரைவை எடுத்தார்.

"இதின்ர எழுதுற தலை ஒரு பக்கம் விலகிப் போச்சு. கனகாலமா விலகித்தான் எழுதியிருக்கு. இது எழுதினதை இதுதான் வாசிக்கும், புதுசு வாசிக்காது. நேற்றே எனக்கு விளங்கியிருக்க வேணும். பிழை என்னிலதான், தங்கச்சி."

பிழையையும் அவரே எடுத்துக்கொண்டார். பழையதை மாட்டித் தட்டைப் போட்டதும் பெயர்கள் வரிசையாகத் திரையில் வந்தன. டயகமத் தட்டு வந்தபோது அதில் என் அம்மாவின் பெயரும் இருந்தது. பெரிய கிளாக்கர், "வாய் தவறிச் சொல்லிட்டேன், மனசுல வச்சுக்காதம்மா" என்றார். எல்லாரும் என்னை மெச்சினார்கள். மெச்ச மெச்ச எனக்கு உடம்பு கூசியது.

சிவபாலன் பஸ்ஸுக்குக் கிளம்பியபோது கூடவே போய், நான் அவரைச் சபித்து ஜெபித்ததைச் சொல்லிவிட்டேன். அவர் சிரித்தார்.

"அப்ப மண் சரிஞ்சது உங்கட வேலையோ?" என்றார். பிறகு மெதுவாக, "நான் வீடு போய்ச் சேர்ந்திருந்தா, இந்த ட்ரைவை இண்டைக்குக் காலமை கழட்டி எறிஞ்சிருப்பன்" என்றார்.

பஸ் ஸ்டாண்டிலேயே அழுதுவிட்டேன். நான் கேட்ட தீங்கை அப்படியே நடத்தாமல், ஒரு கீறல்கூடப் படாமல் அந்த மனிதனைத் திருப்பி என் கண்முன்னே கொண்டுவந்து நிறுத்தினாரே என் ஆண்டவர்! அன்றிலிருந்து நகல் எடுத்தால் திருப்பிப் போட்டுப் பார்க்காமல் பூட்டுவதில்லை. கோபத்தோடு ஜெபத்துக்கு உட்கார்ந்தால், என் வாயைக் காத்துக்கொள்ளும் என்றுதான் முதலில் கேட்கிறேன்.

அன்பானவர்களே, நம்பிக் கேளுங்கள். நாம் உளறியதையும் கேட்டு, நல்லதை மட்டும் செய்கிறவர் அவர். ஆனால் யாரையாவது திட்டி ஜெபித்திருந்தால், அந்த ஆளே நாளைக்கு உங்கள் வாசலில் வந்து நிற்கலாம். உள்ளே கூப்பிட்டு முதலில் ஒரு தேத்தண்ணி கொடுங்கள். இரவெல்லாம் குளிரில் கிடந்து வந்த அந்த மனிதருக்கு நான் அதைக்கூடக் கொடுக்கவில்லை.