பத்து வரிக்குக் குறையாமல்

"பத்து வரிக்குள் அடங்கிவிடுகிற விசயம் ஒன்று இந்த உலகத்தில் இருந்தால் கொண்டு வாருங்கள். இருந்தாலும் அதை எழுதுகிற கேவலம் எனக்கு ஒருநாளும் வராது!"

பூபாலரத்தினம் இப்படி முழங்கியது 'கொட்டியாரக் குடா கருத்தாடற் களம்' என்னும் முகநூல் குழுவின் மூன்றாம் ஆண்டு நிறைவு விழாவில். உட்துறைமுக வீதித் தேநீர்க் கடையொன்றில் இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போட்டால் எவ்வளவு பெரிய விழா நடக்குமோ அவ்வளவு பெரிய விழா. எல்லோரும் கைதட்டினார்கள். அந்த நேரம் பார்த்து வடைத் தட்டும் வந்து சேர்ந்ததால், கைதட்டல் எதற்கு என்று வரலாற்றால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அவருக்கு அன்புவழிபுரத்தில் வீடு. துறைமுகப் பக்கத்துக் களஞ்சியம் ஒன்றில் களஞ்சியக் காப்பாளர் வேலை. வாலிப வயதிலிருந்து அவர் எழுதி வந்ததெல்லாம் 'ஆணி, இரண்டங்குலம்', 'கயிறு, நைலோன், பச்சை', 'வாளி, ஓட்டை' என்பவைதான். வாழ்நாள் முழுவதும் பயனிலையே இல்லாமல் எழுதிய ஒரு மனிதருக்கு முழு வசனத்தின் மேல் பசி பிறப்பது இயற்கை. ஐம்பது வயதுக்குப் பிறகு ஒரு நல்ல கைத்தொலைபேசி கிடைத்ததும் அந்தப் பசிக்கு எல்லை இல்லாமற் போய்விட்டது.

களத்தில் திரியாயிலிருந்து வெருகல் வரைக்கும் ஆட்கள் இருந்தார்கள். குடாவின் இரண்டு கரையும் சந்திக்கிற இடம் வேறொன்று இல்லாததால், விவசாயி, மீனவர், கடைக்காரர், கனடாக்காரர் எல்லோரும் அதற்குள்தான். யார் எதை எழுதினாலும் அது முதலில் பூபாலரத்தினத்திடம் வரும். அவர் அனுமதித்தால்தான் மற்றவர் கண்ணில் படும். அனுமதி பெறும் வழியைக் களத்தின் வாசலிலேயே எழுதி மாட்டியிருந்தார். பதிவு வணக்கத்துடன் தொடங்க வேண்டும். பிறகு அறிமுகப் பந்தி, பின்னணி, இரு தரப்பு நியாயங்கள், முடிவுரை. பத்து வரிக்குக் குறைந்தவை 'கொட்டாவி' என்ற வகைக்குள் அடங்கும், கொட்டாவிகள் நிராகரிக்கப்படும்.

காலையில் குளித்து, திருநீறு பூசி, பால் விடாத பிளேன்ரீயுடன் கதிரையில் அமர்ந்து கொட்டாவி களைவது அவருடைய நித்திய கருமம். 'நாளைக்குக் கரண்ட் இல்லையாம்.' நிராகரிப்பு. 'நிலாவெளி றோட்டில மாடு படுத்திருக்கு, பாத்து வாங்கோ.' நிராகரிப்பு, மாட்டின் தரப்பு நியாயம் சொல்லப்படவில்லை. நிராகரித்த காரணத்தை அவர் எவருக்கும் அறிவிப்பதில்லை. அறிவித்தால் அது ஒரு வரிதான் வரும். கொள்கை இடம் கொடாது.

மார்கழி மாதம், வாடைக்காற்று அடிக்கத் தொடங்கியிருந்த ஒரு சனிக்கிழமை, மீன் வாங்கச் சல்லிக்குப் போனார். கரையில் ஒரு நீலப் படகு முன்பக்கம் பிளந்து கிடந்தது. மூதூரிலிருந்து அதை லொறியில் ஏற்றி வந்த மீனவர் நஸ்ரி பக்கத்தில் நின்றார். படகின் சொந்தக்காரன் ஜதுர்சன் பிளவுக்குள் கையை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய மனைவி தனுஷிகா பூபாலரத்தினத்தைக் கண்டதும் எழுந்து வந்தாள்.

"அண்ணை, நீங்கள்தானே அந்தக் களத்தை நடத்துறது? புதன்கிழமை விடிய வந்து பாத்தா கயிறு மட்டும் கிடக்கு, போட்டைக் காணேல்லை. உடன உங்கட களத்தில போட்டனான், கண்டாச் சொல்லுங்கோ எண்டு. அது வரவேயில்லை."

"நானும் போட்டன் சேர்," என்றார் நஸ்ரி. "அண்டைக்கு எங்கட மூதூர்க் கரையில நிண்டு பாத்தா நீலப் போட் ஒண்டு சும்மா மிதந்து வருது. ஆருட போட் எண்டு கேட்டுப் போட்டன். அதும் வரல்ல."

"கயிறு போட்டுக் கட்டியிருக்கலாமே, நானா," என்றான் ஜதுர்சன்.

"நல்ல கதை! சொந்தக்காரன்ட சொல் இல்லாம ஆர் கயிறு போடுற? நீ போடுவியா?"

ஜதுர்சன் தலையை ஆட்டினான். போடமாட்டான். அந்தக் கடலில் எவரும் போடமாட்டார்கள். சொந்தக்காரர் வாயால் 'கட்டுங்கோ' என்று வராமல் பிறர் படகில் கயிறு கட்டினால், கட்டியவருக்கு மறுநாள் கள்ளன் என்று பெயர் வந்துவிடும்.

"பின்னேரம் மட்டும் போனையே பாத்துக்கிட்டு நிண்டன். ஒரு பதிலும் இல்ல. விடிஞ்சா போட் சம்பூர்க் கல்லுல அடிபட்டுக் கிடக்குது. பிறகுதான் கிட்டப் போய் போட் நம்பரைப் பாத்து விசாரிச்சி இவரைப் புடிச்சன்."

"அண்டைக்குச் சரியான மழையெல்லோ," என்றாள் தனுஷிகா. "சிக்னல் இல்லாமப் போயிருக்கும். என்னண்ணை?"

மூன்று பேரும் அவரைப் பார்த்தார்கள். இந்தப் பூமியில் அந்தப் படகைத் தேடியவரையும் கண்டவரையும் ஒரே காலையில் அறிந்திருக்கக் கூடிய ஒரே மனிதர் அவர்தான். இரண்டு பதிவும் அவருடைய கைக்கு வந்தன. இரண்டும் கொட்டாவி. முதலாவதைப் பிளேன்ரீ குடிக்க முன்னும், இரண்டாவதைக் குடித்த பின்னும் நிராகரித்திருந்தார்.

"ஓம்... மழைக்கு அப்பிடி நடக்கிறதுதான்," என்றார் பூபாலரத்தினம்.

"இனி வேற ஆக்களின்ர போட்டில கூலிக்குத்தான் போகோணும்," என்றான் ஜதுர்சன். "ஐயா, நீங்கள் எழுதினா நாலு பேர் வாசிப்பினம். எங்கட போட்டைப்பற்றி ஒருக்கா எழுதிவிடுங்கோவன்."

எழுதினார். 'சல்லிக் கரையில் சரிந்த கனவு' என்பது தலைப்பு. பண்டைத் தமிழரின் கடல் வாணிபத்தில் தொடங்கி, மரக்கலங்களின் பரிணாமத்தைத் தொட்டு, அரைவாசிக்கு மேல் வந்த பிறகு ஜதுர்சனின் படகை அடைந்தது. மழையை அவர் அதில் மன்னிக்கவேயில்லை. ஓர் ஏழைக் குடும்பத்தின் குரலை மேகங்கள் மறித்துவிட்டனவாம். மழை மேல் அவர் காட்டிய சீற்றத்தில் மட்டும் ஒரு விசேட உக்கிரம் இருந்ததை வாசகர்கள் கவனித்துப் பாராட்டினார்கள். 'அருமை ஐயா' என்று வந்தது. 'கண்கலங்கிவிட்டேன்' என்று கனடாவிலிருந்து வந்தது. வேறு நாளாயிருந்தால் ஒவ்வோர் இதயக் குறியையும் தொட்டுப் பார்த்து, போட்டவர் யார், எந்த ஊர் என்று விசாரித்து மகிழ்ந்திருப்பார். அன்று தொலைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய் முகத்தைக் கழுவினார். வீட்டுக்குள் வந்தவர் திரும்பிப் போய், இன்னுமொருமுறை கழுவினார்.

இரண்டொரு நாள் கழித்துத் தனுஷிகா ஒரு பையுடன் வீட்டு வாசலில் வந்து நின்றாள். பூபாலரத்தினத்தின் மனைவி இராசமலர்தான் கதவைத் திறந்தாள். அவர் அலுமாரிக்குப் பின்னால் எதையோ தேடுவதுபோல நின்றுகொண்டார்.

"அக்கா, அண்ணை எழுதினதை வாசிச்சு நான் அழுதுபோட்டன். எங்களுக்காக ஆர் இவ்வளவு எழுதுவினம்? இது இவர் கூலிக்குப் போன போட்டில குடுத்த பங்கு. சூடை மீன்தான். எடுங்கோ."

"ஐயோ பிள்ளை, நீங்கள் வைச்சிருங்கோவன்."

"ஏலாதெண்டு சொல்லாதேங்கோ அக்கா."

மத்தியானம் பொரித்த சூடை கோப்பையில் வந்தது. பூபாலரத்தினம் ஒன்றை எடுத்தார், வைத்தார், சோற்றைப் பிசைந்தார்.

"என்னப்பா, முள்ளோ?"

"ஓம்."

"சூடைக்கு முள்ளிருக்கெண்டு இண்டைக்குத்தான் கண்டுபிடிச்சனீங்களோ?"

அவர் கையைச் சோற்றுக் கோப்பையிலேயே வைத்துக்கொண்டு விசயத்தைச் சொன்னார். இராசமலர் எழும்பவும் இல்லை, சாப்பிடவும் இல்லை.

"அப்ப, ரெண்டு பேர் போட்டதும் உங்கட போனுக்கு வந்திருக்கு?"

"ஓம்."

"ரெண்டையும் வாசிச்சனீங்கள்?"

"நீளத்தை மட்டுந்தான் பாத்தனான்."

இராசமலர் மீன் கோப்பையைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போனாள். உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"மழையை ஏசியெல்லோ எழுதினீங்கள். அதை வாசிச்சு அழுதுபோட்டுத்தான் அந்தப் பிள்ளை மீன் கொண்டு வந்தவள்."

அன்று பின்னேரம் அவர் விளக்கமொன்று எழுத அமர்ந்தார். வணக்கம் சொன்னார். மனிதன் தோன்றிய காலந்தொட்டுத் தவறும் உடன் தோன்றியது என்றார். களத்தின் தோற்றம், வளர்ச்சி, அது எதிர்கொண்ட சவால்கள், தரமான கருத்தாடலுக்கு விதிகளின் இன்றியமையாமை ஆகியவை ஒவ்வொரு பந்தியாக வந்தன. எழுத எழுத ஓர் அதிசயம் நடந்தது: பதிவு நீள நீளக் குற்றம் குறுகிக்கொண்டே போனது. ஐந்தாம் பந்தியில் அவர் குற்றவாளியாக இருந்தார். எட்டாம் பந்தியில் நிருவாகச் சுமையால் நலிந்தவராக இருந்தார். பத்தாம் பந்தி முடியும்போது சகல தரப்பினரும் சிந்திக்க வேண்டிய நிலை வந்திருந்தது. தனுஷிகாவும் உட்பட.

இராசமலர் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். விரலால் தள்ளித் தள்ளி வாசித்தாள்.

"இதில போட் எங்க இருக்கு?"

"வரும்."

"அதுவும் மிதந்தோ வருது?"

அவள் போன பிறகு அவர் பத்தாம் பந்தியைத் திரும்ப வாசித்தார். அழகான பந்தி. வசனங்கள் எல்லாம் பயனிலையோடு முடிந்தன. அதை அழித்தார். பிறகு ஒன்பதாவது. எட்டாவதை அழிக்கும்போது கொஞ்சம் தயங்கினார். அதில் ஒரு நல்ல உவமை இருந்தது. அதுவும் போனது. கடைசியில் வணக்கம் மட்டும் மிஞ்சியது. தனுஷிகாவின் முகத்தைப் பார்த்து வணக்கம் சொல்லி எதையும் தொடங்கலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை. அதையும் அழித்தார்.

பிறகு எழுதி, திரும்ப வாசிக்காமல், களத்தில் போட்டார்:

'தனுஷிகா போட்டதையும் நஸ்ரி போட்டதையும் அண்டைக்கு நிராகரிச்சது நான், மழை இல்லை.'

கீழே முதலில் வந்த கருத்து கனடாக்காரருடையது.

'ஐயா, மிச்சத்தைக் காணேல்லை. முழுதும் ஏறேல்லைப் போல.'

நிலாவெளிக்காரர் ஒருவரும் கேட்டார்: 'எங்களுக்கும் ஒரு வரிதான் தெரியுது. மிச்சம் எங்க ஐயா?'

தனுஷிகா பார்த்துவிட்டாள் என்று தொலைபேசி காட்டியது. அவள் ஒன்றும் எழுதவில்லை. பூபாலரத்தினம் நிலாவெளிக்காரருக்குப் பதில் போட்டார்.

'அவ்வளவுதான்.'